ஃபிட்டர் வராத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஃபிட்டர் இன்றும் லீவு. மகளுக்குக் காய்ச்சலாம். போன வாரம் இருமல், அதற்கு முன்னால் வாந்தி. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தக் கடையில் வேறு ஆள் கிடையாது. வாடிக்கையாளர்களிடம் பல்லிளித்துத் தாடை வலிக்கிறது.

மார்ச் 5

வந்தான். எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஏம்ப்பா, உன் வீட்ல பொம்பளைங்களே இல்லியா?" கவுண்டரில் சிரித்தார்கள். "சம்சாரம் நர்ஸ் சார். நைட் டியூட்டி முடிச்சு காலைலதான் வந்து படுப்பா." அவன் தலை நிமிரவில்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது — அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 7

மறுபடி லீவு. பொய்தான் என்று பட்டது. "வேற ஆள் பாத்துடலாம்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க அவன் வீட்டுக்கே போனேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். ஆறு வயதிருக்கும். அப்பா மருந்து வாங்கப் போயிருக்கிறார், அம்மா தூங்குகிறாள் என்று கிசுகிசுத்தாள். கடையிலிருந்து வருகிறேன் என்றேன்.

"மேனேஜர் சாரா?"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலை அடக்குகிறாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியது. "எனக்கு சரியாயிடுச்சு சார். நாளைக்கு அப்பா வருவாங்க."

படியிறங்கினேன். ஒரு சின்னப் புள்ள என்னைப் பாத்து இருமக்கூட பயப்படுது. சே — என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 8

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம பொண்ணுக்கு மஞ்சக் காமாலை வந்தப்ப நீங்க ஒரு நாளாவது லீவு போட்டீங்களா?" குத்தலாகக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மார்ச் 10

அவசரப்பட்டுவிட்டேன், ஃபிட்டரே இருக்கட்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "அவன் வராதப்ப மெஷின்ல யாரு உக்காருவா? நீங்களா?" நான்தான் என்றேன். சிரித்தார்.

மன்னிப்புக் கேட்க ஃபிட்டரின் அறைவரை போய்விட்டுத் திரும்பினேன். வாய் வரவில்லை.

மார்ச் 19

ஃபிட்டர் லீவு. மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு லென்ஸ் உடைந்தது. தேவைதான்.

மார்ச் 27

காலையில் ஃபிட்டரின் போன். "மன்னிச்சுக்குங்க சார், இன்னைக்கு—"

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"சார்?" என்றான், சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல. பிறகு மெதுவாக, "இப்ப தேவலை சார். மூச்சு வாங்குச்சு. பயந்தே போயிட்டேன்" என்றான்.

நானும் "மன்னிச்சுக்கப்பா" என்றேன். போனில்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் தைரியமில்லை.