கிழக்கு பார்த்து நின்ற வண்டி

அன்பு மகன் மொஹாபிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும், இல்லை, இப்போது ஐந்து பேரும் சுகம். நீ சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொரு நாளும் முழு உடம்போடு மேலே வருகிறாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எங்களுக்குச் சோறு இறங்குகிறது. பையன் பிறந்த செய்தி உங்கள் ஆபீஸ் போன் வழியாக வந்திருக்கும். ஆனால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கதையைப் போனில் எவன் சொல்லியிருக்கப் போகிறான். அதை நான்தான் எழுதவேண்டும், எழுதும்போது இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஜூன் மாதம் குளிர்காலம் தொடங்கியது முதல் நம் புட்சுவா காலையில் கிளம்ப மறுத்தது. குதிரைக்கு வைக்கிற பெயரைக் காருக்கு வைத்தால் குதிரைக் குணம் வரத்தானே செய்யும். உன் அப்பா சாவியைத் திருகுவார், அது கரகரவென்று சுற்றும், சுற்றிச் சுற்றி பேட்டரி செத்துப்போகும். அப்புறம் ஆறு ஆம்பளைகள் வந்து வண்டியைத் திருப்பிப் பள்ளத்தில் தள்ளிவிடவேண்டும். மற்ற வருஷமென்றால் இது சிரிப்புச் சமாசாரம். இந்த வருஷம் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், உன் மூத்தவள் லிநெயோவை வயிற்றைக் கீறி எடுத்ததால் இந்தப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கவேண்டும், வலி எடுத்ததும் புறப்படவேண்டும் என்று. கணவாய் தாண்டி மூன்று மணி நேரம். பஸ் வாரத்துக்கு மூன்று நாள்தான். இரவு படுத்தால் அந்தக் கரகர சத்தம்தான் என் காதில் கேட்கும்.

அப்பா எல்லாப் பழியையும் குளிர்மேல் போட்டார். பேட்டரியை மில்லுக்கு அனுப்பி சார்ஜ் ஏற்றினார். எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றிச் சோதித்தார், நாலும் நெருப்பாகச் சிவந்தன. எஞ்சினுக்கு அடியில் சுடுசாம்பல் தட்டு வைத்தார். தன் நல்ல போர்வையை, கல்யாணத்துக்குப் போர்த்துவாரே அதை, பானெட்மேல் போர்த்தினார். இதற்கெல்லாம் முன்பே, குளிர் தொடங்கிய அன்றே, வீட்டு வாசல் போல வண்டியும் கிழக்கு பார்க்கட்டும், முதல் வெயில் எஞ்சினில் விழட்டும் என்று, ஊரே பள்ளம் பார்த்து நிறுத்துகையில் இவர் மட்டும் மூக்கை மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்த ஆரம்பித்திருந்தார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அந்த மனிதர் இவ்வளவு செய்ததில்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். வண்டியின் நோய் தெரிவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே உன் மனைவி மாலிநெயோ என்னிடம் வந்தாள். மாமனாரிடம் அவள் நேராகப் பேசமுடியாதே, அதனால் என்னிடம் சொன்னாள். "அத்தை, மாமா வண்டியைக் கிழக்க திருப்புனதுக்கு அப்புறந்தான் இப்படி. எங்க அம்மா வீட்டுக்குப் போனப்ப இதே வண்டி ராத்திரி பூரா பள்ளம் பாத்து நின்னுச்சு, உறைபனி விழுந்துச்சு, அப்பவும் காலைல ஒரே திருகுல கிளம்புச்சு." நான் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "குளிருக்கு மேடு தெரியுமா பள்ளம் தெரியுமா, போய் உக்காரும்மா" என்று சிரித்துவிட்டேன். அப்பா காதுக்கு அதைக் கொண்டுபோகவே இல்லை.

கடைசியில் மாவு மில் நடத்தும் புலெங்கைக் கூப்பிட்டோம். அவள் மில் எஞ்சினும் டீசல்தான். வந்தவள் கருவி எதையும் எடுக்கவில்லை. அப்பாவைத் திருகச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய், புகைக்குழாயைப் பார்த்தபடி குந்தினாள். அப்புறம் எழுந்து, "குளிர்ல நடுங்குற வண்டி வெள்ளப் புகையாவது விடும்ங்க. இது புகையே விடல. இதுக்குக் குளிரில்ல, பசி. டீசலே மேல வரல" என்றாள். அப்பா டேங்க் நிறைய இருக்கிறது என்று முறைத்தார். "டேங்க்ல இருக்கு, எஞ்சின்ல இல்ல. ராத்திரி எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?" என்று கேட்டாள். மொஹாபி, அந்தப் பீன்ஸ் பொறுக்கிய நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் கதவருகே நின்ற மாலிநெயோவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் கட்டுகிற கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வாங்கிவந்து, டீசல் வடிகட்டும் பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டினாள். கைப்பம்பை அழுத்தினாள். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். டீசலோடு பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் ஓடின. இத்தனை நாள் எங்களை அழவைத்தது அந்தக் குமிழிதான். பில்டர் தலையில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வழியாகக் காற்று நுழைந்திருக்கிறது, மூக்கு மேட்டில் இருந்ததால் இரவெல்லாம் டீசல் பின்னால் டேங்குக்கே வழிந்திருக்கிறது. பள்ளம் பார்த்து நின்ற காலத்தில் வழிய இடமில்லாமல் நோய் தெரியாமலே இருந்திருக்கிறது. வெயில் காட்ட அவர் திருப்பினார், அந்தப் பாசம்தான் அதைப் பட்டினி போட்டது. கோயிலில் நிற்பதுபோல நின்றோம்.

புலெங் புது வளையம் போட்டாள். அன்று மாலை நான் எல்லார் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். அப்பா மாலிநெயோ பக்கம் திரும்பாமல் என்னிடம்தான் சொன்னார், "அந்தப் பொண்ணுகிட்ட கேளு, இன்னிக்கு வண்டிய எந்தப் பக்கம் நிறுத்தட்டும்னு." அவள் பள்ளத்தைக் காட்டினாள். ஒன்பதாம் நாள் விடியலில், வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தபோது வலி வந்தது. புட்சுவா ஒரே திருகில் கிளம்பியது. பெரிய டாக்டர் என்னிடம், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்றார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. புலெங் அந்தக் காய்ந்த வளையத்தைத் தூக்கிக் காட்டி, "இது பழசு. புது பில்டரோட புது வளையம் குடுப்பாங்களே, அத போடாம யாரு பில்டர் மாத்துனது?" என்று கேட்டாள். முற்றம் நிறைய ஆட்கள். கிறிஸ்துமஸ் லீவில் வந்த நீ மாற்றியது, மாலிநெயோ உனக்கு டார்ச் பிடித்தாள், எனக்குத் தெரியும். அப்பா, "நாந்தான், கண்ணு சரியா தெரியல" என்றார். மாலிநெயோ வாய் திறக்கவில்லை. இதை உனக்கு எழுதக்கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து கேட்டுக்கொண்டார்கள். திட்டுவதற்காக நான் எழுதவில்லை மகனே. உனக்கு எப்பேர்ப்பட்ட மனிதர்கள் வாய்த்திருக்கிறார்கள் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

முன்னோர்கள் உன்னைச் சுரங்கத்தின் மேலும் கீழும் காக்கட்டும். மார்புக்குக் கம்பளி போடு. லீவில் வரும்போது பில்டர் பக்கம் போகாதே, முதலில் அப்பாவிடம் போ.

உன் பெயரையே தன் பெயராகச் சுமக்கும் உன் அம்மா,
மாமொஹாபி