இடது பக்கத்தை மூடவில்லை

துர்கு,
ஜூன் மாதம், ஞாயிறு.

அன்பு மகள் தைமிக்கு அம்மா ஓர்வொக்கி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் அப்பாவிடம் கேட்டால் "இருக்கேன்" என்பார், அதையும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள். ஹோபார்ட்டில் இப்போது குளிர்காலம், நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது, யாரும் நம்பவில்லை, கையில் கோட்டு எடுத்துக்கொண்டுதான் வெளியே போகிறோம். ஹில்க்கா சித்திக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள், நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்து "ஏன்க்கா மெதுவா வர்றே" என்று வேறு கேட்கிறாள். அவள் வலியோடு இருந்தபோது எங்களுக்குள் ஒற்றுமை அதிகம். நீ சாப்பாட்டு விஷயத்தில் கவனமாக இரு, வேலை மும்முரத்தில் காப்பியை மட்டும் குடித்துவிட்டு நாளை ஓட்டாதே, அது நம் குடும்பத்து வியாதி.

நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் இரண்டும், அந்தப் பதிவுக் கருவியும் உடையாமல் வந்து சேர்ந்தன. உன் புத்தகத்துக்காக எலக்ட்ரானிக் இசைக்காரர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, தொழிலுக்கு எப்படி வந்தார்கள், இசையை எப்படி உருவாக்குகிறார்கள் என்றெல்லாம் பேச வைத்துவிட்டாய், எல்லோரும் மணிக்கணக்காகப் பேசினார்களாம், பாக்கி இருப்பது நம் வீட்டுக் கல்லுளிமங்கன் ஒருவர்தான். கலெர்வோவை விட்டுக் கேட்கச் சொன்னாய், கலெர்வோ கேட்டார், முடியாது என்று உன் அப்பா தலையை ஆட்டினார், கலெர்வோவும் மறுபடி சைக்கிள் ரிப்பேர் பார்க்கப் போய்விட்டார். இருபது வருஷமாக நம் வீட்டு ரெக்கார்டுகளை வெளியிடுகிற மனிதர் அவ்வளவுதான் வற்புறுத்துவார். கடைசியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. கேள்விகள் நிறைய எழுதியிருந்தாலும் நீ கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று என்பது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் போனில் அழுதுகொண்டே சொன்னாயே, "அம்மா, அப்பா ஒவ்வொரு ரெக்கார்டிலயும் என்னைச் செத்தவளாட்டம் காட்டறார்" என்று. அன்றிலிருந்து எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

நீங்கள் இருவரும் சேர்ந்து வாசித்த காலத்தில் மேடையில் உனக்கு ஒரு மேஜை, அவருக்கு ஒரு மேஜை. உன் எலக்ட்ரானிக் பெட்டிகளின் சத்தம் இடது ஸ்பீக்கரில், அவருடையது வலது ஸ்பீக்கரில், ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை என்பதுதான் உங்கள் ஒப்பந்தம். ரெக்கார்டு பாதியில் நிற்கும்போது நீ மாப்பிள்ளையோடு உலகத்தின் அந்தக் கோடிக்குக் கிளம்பினாய். அவர் "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வந்த எல்லா ரெக்கார்டிலும் வலது பக்கம் மட்டும்தான் சத்தம், அட்டையில் மட்டும் இன்னும் "உர்போவும் மகளும்" என்றே இருக்கிறது. ஆரம்பத்தில் ஜனங்கள் பழுதுப் பொருள் என்று திருப்பி அனுப்பினார்கள், கலெர்வோ ஒவ்வொரு அட்டையிலும் "பழுது அல்ல" என்று ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி அனுப்பினார். அப்புறம் ஜெர்மனியில் ஒரு பத்திரிகைக்காரர் இன்மையின் துணிச்சல் என்று நாலு பக்கம் எழுதினார், அன்றிலிருந்து ஸ்டிக்கர் இல்லாத ரெக்கார்டைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள். உன் அப்பா அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "தாள் நல்ல கனம்" என்றார். நீ அதைப் படித்துவிட்டு என்ன பாடுபட்டாய் என்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். வெந்த உடம்போடு இருக்கும்போதுதான் அவர் வாயில் நாலு வார்த்தை வரும், அது உனக்கும் தெரியும். சமையலறையில் உட்கார வைத்து, பீர் ஊற்றிக் கொடுத்து, மைக்கைக் குத்திவிட்டேன். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், மௌனத்தை நிரப்பாதீர்கள், மற்றவர் தானாகப் பேசுவார் என்று நீ எழுதியிருந்தாய். அது வேறு ஊர்க்காரர்களுக்குச் சரி. இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "ஒயர் கிடந்துச்சு" என்றார். காத்திருந்தேன். பீர் நுரை அடங்கியது. எனக்குத் தாங்கவில்லை, நானே ஆரம்பித்துவிட்டேன், கல்யாணத்துக்கு முன்னால் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காப்பி ஆறும்வரை ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேட்க வைத்ததையும், அது எப்போது முடியும் என்று காத்திருந்துவிட்டு மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதையும், அந்த ஒரு பொய்யால் வாழ்நாள் முழுக்க ஸ்வரம் கேட்டதையும் உன் கருவியிடம் விலாவாரியாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு "அது ரெண்டு ஸ்வரம்" என்றார். எது உங்களை இசை உருவாக்கத் தூண்டுகிறது என்று கேட்டேன். வெயில் அடித்தால் தோட்டம் இருக்கிறது, மழை பெய்தால் இது என்றார். இளம் கலைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்றதற்கு "காதைப் பாத்துக்கங்க" என்றார். இதையெல்லாம் உன் புத்தகத்தில் போட்டால் அரைப்பக்கம் வரும், மிச்சப் பக்கங்களில் நான்தான் இருப்பேன்.

அப்புறம்தான் உன் கேள்வியைக் கேட்டேன். இத்தனை வருஷமாக இடது பக்கத்தை ஏன் ஊமையாக வைத்திருக்கிறீர்கள், பெண் மேல் கோபமா என்றேன். கேட்டுவிட்டுப் பதற்றத்தில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஏலக்காய் பன்னை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன், சூடு தாங்கவில்லை, துப்பவும் முடியவில்லை, மைக் இருக்கிறதே. ஆக வாழ்க்கையில் முதல்முறையாக நான் மௌனத்தை நிரப்பவில்லை. அவர் பீரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கோபமா? அது தைமியோட பக்கம். அவ இல்லாதப்ப நான் போய் எப்படி அங்க உக்காருறது?" என்றார். நான் பன்னோடு தலையாட்டினேன். "மூடி வைக்கல. சுவிட்ச் போட்டுத்தான் வெச்சிருக்கேன், அவ மேஜை, அவ பெட்டி, எல்லாத்துலயும் கரண்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பக்கத்தையும் சேத்துத்தான் ஒவ்வொரு தடவையும் பதிவு பண்றேன். காதை வெச்சுக் கேட்டா லேசா ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் இருக்கும். மூடின பக்கத்துல அது இருக்காது. மூடினதுக்கும் காலியா விட்டதுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த இரைச்சல் வழியாக ஒவ்வொரு ரெக்கார்டிலும் உன்னிடம் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறார், தைமி. நீ கேட்டுக்கொண்டிருப்பதாகவும், பதில் சொல்ல நேரம் வரும்போது சொல்வாய் என்றும் நினைத்திருக்கிறார். ஊமை கண்ட கனவு என்பார்களே, அது இதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, பன்தான் காரணம் என்று அவர் நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாளே கலெர்வோவின் கடைக்குப் போனேன். உனக்கு ஏன் அந்த இரைச்சல் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டபடியே, வெளியிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பதிவையும் தானே கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்வதாகப் பெருமையாகச் சொன்னார். "உர்போவுக்கு வயசாயிடுச்சு, இடது பக்கம் எப்பவும் ஒயர்ல கசிவு, பாவம் அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு நானே தொடச்சு எடுத்துடறேன்" என்றார். ஒவ்வொரு ரெக்கார்டிலும் துடைத்திருக்கிறார். காசும் வாங்காமல் துடைத்திருக்கிறார். நல்ல மனசுக்காரர், திட்டவும் முடியவில்லை, தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கலெர்வோவோடு இனிப் பேசப்போவதில்லை என்று முடிவெடுத்து ஒரு வாரமாகப் பேசாமல் இருக்கிறார். கலெர்வோவுக்கு இன்னும் அது தெரியாது, தினமும் வந்து எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார்.

பதிவை உனக்கு அனுப்பினால் போதுமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். அங்கேதான் அடுத்த கூத்து. ஃபிரிட்ஜ் சத்தம் குறுக்கே இருக்கும், கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்று உன் அப்பா கருவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் புத்தியில்லாமல் கொடுத்தேன். இரண்டு நாள் இறங்கவில்லை, சாப்பாட்டை மேலே கொண்டுபோய் வைத்தேன். இறங்கி வந்து போட்டுக் காட்டினால் ஃபிரிட்ஜ் இருக்கிறது, சவுனா அடுப்புக் கல் ஆறும்போது எழுப்பும் டிக் டிக் சத்தம் இருக்கிறது, பீர் ஊற்றுவது, நாற்காலி முனகுவது, நான் பன்னை மெல்லுவது எல்லாம் இருக்கிறது. பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டார். எங்கே போயிற்று என்றேன். "பேச்சு நடுவுல நடுவுல வந்து கெடுத்துச்சு" என்றார். மூலப் பதிவையும் அதன் மேலேயே அழித்து எழுதிவிட்டாராம், பழைய டேப் காலத்துப் பழக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வியாழக்கிழமை பட்டாணி சூப் வைக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் சூப் இல்லாத வியாழன் அதுவே முதல், அவர் காலிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடி வைத்தார். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று "நீயே எழுதிடு, உனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். மேலே எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். பன் கதையை எடுத்துவிடச் சொன்னார், நான் எடுக்கவில்லை.

இன்னொன்று. ஆகஸ்ட் கடைசியில் பழைய கப்பல் பட்டறைக் கூடத்தில் அவருக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஏற்பாடு செய்கிற பெண் போன் பண்ணி மேடையில் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு மேஜை, ரெண்டு நாற்காலி, ரெண்டு பக்கமும் கரண்ட் என்றார். கூட வாசிப்பது யார், நோட்டீஸில் பெயர் போட வேண்டும் என்றாள் போலிருக்கிறது. "அட்டையில போட்டிருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டார். தைமியை வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதே என்றார். சரி, மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதே, நானாவது வந்து உட்காரட்டுமா என்றேன். இத்தனை வருஷத்தில் என்னை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அன்று சட்டென்று திரும்பி, "நீ உக்காந்தா அவ வந்தா எங்க உக்காருவா?" என்றார்.

உன்னை வா என்று அவர் சொல்லமாட்டார், அந்த வாய் அப்படிப் படைக்கப்பட்டுவிட்டது. நான் சொல்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் தைமி, கண்ணிலேயே நிற்கிறாய். வாசிக்க வேண்டாம், ஒரு பொத்தானைக்கூடத் தொட வேண்டாம், வந்து அதில் உட்கார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டால் எனக்கு முதலில் சொல், அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். வரும்போது கம்பளிக் காலுறை எடுத்து வா, ஆகஸ்ட் என்றாலும் ஆற்றங்கரைக் காற்று சில்லென்று இருக்கும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ஓர்வொக்கி

அப்பாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை வாங்கினார். கீழே இடது ஓரத்தில் இருக்கும் புள்ளி அவருடையது. கறை என்று நினைத்துத் துடைத்துவிடாதே.