பட்டின் நிறம்

புத்தூர்,
மாசி 1947

அன்புள்ள துணைவருக்கு,

தோக்கியோவில் யப்பானிய மொழி மேற்படிப்பு முடிந்தது, சித்திரையில் ஊருக்கு வருகிறேன் என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. சண்டை தொடங்கியபின் உங்கள் கடிதமே வராததால், நீங்கள் உயிரோடிருப்பது அதைக் கண்டுதான் தெரிந்தது.

யப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்டதிலிருந்து பொலிசார் உங்களைப் பற்றி விசாரிக்க வந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் தம்பியின் அரசாங்க உத்தியோகம் போய்விடும் நிலை. ஒருநாள் மாமா அவர்களிடம், "அவன் செத்துப்போனான், இனி இஞ்சை வராதேங்கோ" என்று சொல்லிவிட்டார். ஊரும் நம்பவேண்டும் என்று கீரிமலைக் கடற்கரையில், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையும் செய்தார். எனக்குச் செய்யவேண்டியதையும் செய்தார்கள்.

கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "காரியம் முடிஞ்ச பிள்ளை வாசற்படலைக்குள்ளை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு அழுதார்.

எனக்குப் பட்டுச்சேலை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளை போதும்.

இன்றும் உங்கள்
மனைவி