ஐந்து மணிப் பாட்டு

நகோயா
அக்டோபர் 2

மதிப்புக்குரிய ஊனோ அம்மாவுக்கு,

முன்பின் தெரியாதவன் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். ஒரு சின்ன இசைத் துண்டை இணைத்திருக்கிறேன். இது என்ன என்று இணையத்தில் கேட்காத இடமில்லை. "ஊனோ அம்மாவைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியலைன்னா வேற யாருக்கும் தெரியாது" என்கிறார்கள். காலமான என் அம்மாவின் குரல் பதிவில் பின்னால் ஒலித்த இசை இது. எந்த ஊரில் நின்று பேசினார் என்று தெரிந்தால், அங்கே போய் ஒருமுறை கும்பிட்டுவிட்டு வருவேன். அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

இப்படிக்கு,
தோகாஷி ரியோஹெய்

தொயாமா
அக்டோபர் 3

அன்புள்ள தோகாஷி தம்பிக்கு,

அம்மாவை இழந்த பிள்ளை என்றதும் என் மனசு கேட்கவில்லை. தம்பி, இது சும்மா பாட்டு இல்லை! சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் போட்டு, விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டுவார்களே, அதுதான். நான் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக இருந்தவள். போன ஊரிலெல்லாம் இதைப் பதிவு செய்வேன். "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று டிரைவர் சிரிப்பார்.

வடக்குக் கடலோரத்தில் மூன்றே ஊர்களில்தான் இந்த மெட்டு. பெயர்கள் என் இணையப் பக்கத்தில் இருக்கின்றன. அதில் எது என்று சொல்ல இந்தத் துண்டு போதாது. முழுப் பதிவையும் அனுப்புங்கள், சுற்றுச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். துக்கத்தில் வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஊனோ ஹாத்சுயே

நகோயா
அக்டோபர் 3, இரவு

ஊனோ அம்மாவுக்கு,

முழுவதும் அனுப்பியிருக்கிறேன். பேச்சு குடும்ப விஷயம், சத்தத்தை மட்டும் கேளுங்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

தோகாஷி

தொயாமா
அக்டோபர் 4

தோகாஷி தம்பிக்கு,

பேச்சையும்தான் கேட்டேன். காதை எங்கே கழற்றி வைப்பது? "அக்கா, கை எலும்பு கூடிடுச்சு. இப்ப தூக்கித் துணி காயப்போட முடியுது. நான் இங்க இருக்கறது அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

இது உங்களைப் பெற்றவளின் குரலா? முப்பது வயதுகூட இருக்காதே! யார் அந்த அவர்? அதைச் சொல்லுங்கள், பிறகு ஊரைப் பற்றிப் பேசலாம்.

ஊனோ

நகோயா
அக்டோபர் 4

ஊனோ அம்மாவுக்கு,

சரி, அவள் என் மனைவி. அம்மா என்றால்தானே நீங்கள் எல்லாம் உதவுவீர்கள்? மார்ச்சில் சொல்லாமல் போய்விட்டாள். அவள் அக்காவின் போனிலிருந்து இந்தப் பதிவை எடுத்தேன். அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை எனக்கு. அன்று கோபத்தில் ஏதோ நடந்துவிட்டது, எந்த வீட்டில் நடக்கவில்லை? புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நீங்கள் யார்? நல்ல வார்த்தையாகக் கேட்கிறேன், ஊரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்று ஊர்தானே, சனிக்கிழமை நானே தேடிக்கொள்வேன்.

தோகாஷி

தொயாமா
அக்டோபர் 6, வெள்ளி

திரு. தோகாஷிக்கு,

நேற்று அந்த ஊருக்குப் போனேன். பதிவில் பாட்டுக்கு அடியில், கணவாய் மீனை மாட்டிச் சுழற்றிக் காயவைக்கும் சக்கரத்தின் கிறீச்சொலி கேட்டது. மூன்றில் ஒரே ஊரில்தான் அது உண்டு. ஐந்து மணிக்குப் பாட்டு ஆரம்பித்தபோது உங்கள் மனைவி சக்கரத்தில் கணவாய் மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கையால் மட்டும். இடது கை தோளுக்கு மேலே ஏறவில்லை. அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் கடிதங்களைக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். கையுறைகளைக் கழற்றி முதலாளியம்மாவிடம் கொடுத்தாள். "இந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா. இதைக் கேட்டா, இன்னிக்கு ஒரு நாள் பயமில்லாம போச்சுன்னு தோணும்" என்றாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? அந்த ஊரை அவளிடமிருந்து பிடுங்கியது நீங்கள் மட்டுமல்ல, நானும்தான்.

என் இணையப் பக்கத்தை அடியோடு எடுத்துவிட்டேன். உங்கள் கடிதங்களைப் போலீசில் கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கும் சொல்லியாயிற்று. உங்கள் மனைவி நேற்றே பஸ் ஏறிவிட்டாள். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நாளை சனிக்கிழமை. போங்கள், மூன்று ஊரிலும் தேடுங்கள். ஐந்து மணிக்குப் பாட்டுப் போடுவார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்.

ஊனோ ஹாத்சுயே