கால் கிண்ணம் டீ

ஜூன் 20
காலையிலேயே கொதிக்கிறது. இந்த டெக்சஸ் ரவுண்ட் ராக்கில் காற்று என்று ஒன்று உண்டா? அம்மாவுக்கு விசா தேதி இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு லீவு முடிந்து ஆபீஸ். வீட்டில் நானும் மூன்று வாரப் பாப்பாவும். எதிர்வீட்டு தில்னோசா இல்லாவிட்டால் பைத்தியமே பிடித்திருக்கும். உஸ்பெகிஸ்தான்காரி. தினமும் மத்தியானம் வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தூங்கு" என்பாள். மகராசி.
வாங்க: டயபர், பூண்டு, நல்லெண்ணெய்.

ஜூன் 21
வருஷத்திலேயே நீளமான பகல். தில்னோசா தர்பூசணியோடு வந்தாள். இன்னும் நாலு நாளில் அவர்கள் ஊரில் 'சில்லா' ஆரம்பமாம். நாற்பது நாள் உச்ச வெயில், நம் கத்திரி போல. நிழலில் உட்கார்ந்து சூடாக கிரீன் டீ குடிப்பார்களாம். பிள்ளை பெற்றவளின் நாற்பது நாளுக்கும் அதே பெயராம். அவளைத் தனியே விடவே கூடாதாம். "உனக்கு ரெண்டும் சேர்ந்து வருது" என்று சிரித்தாள்.
இத்தனை நாள் அவளுக்கு ஒரு வாய் டீ கொடுத்ததில்லையே என்று எழுந்து போட்டேன். டம்ளர் தளும்ப. டம்ளரையே பார்த்தாள். மடமடவென்று குடித்தாள். "சரி, கிளம்பறேன்."

ஜூன் 22
வரவில்லை. குளியல் இல்லை, தூக்கம் இல்லை. பாப்பா அழுகை, கூடவே நானும்.
அவர்: "என்னடி, ஏதாச்சும் சொல்லிட்டியா?"
"டீதானுங்க குடுத்தேன்!"
"அப்ப சரி. உன் டீயைக் குடிச்சவங்க எப்படி வருவாங்க?"
கொழுப்பைப் பார்.

ஜூன் 23
இன்றும் வரவில்லை. பொறுக்க முடியாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். ராத்திரி மணி எட்டு, இன்னும் வெயில். "இந்தச் சூட்டில ஏன் தூக்கிட்டு வந்தே?" என்று பதறிப் பாப்பாவை வாங்கிக்கொண்டாள். எனக்கு டீ வந்தது. சின்னக் கிண்ணத்தில் கால்வாசி. முகம் சுருங்கிவிட்டது எனக்கு. குடித்ததும் மறுபடி கால்வாசி. மறுபடியும். கேட்டேவிட்டேன்.
விருந்தாளி நிறைய நேரம் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சமாக ஊற்றி ஊற்றிக் கொடுப்பார்களாம். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம்!
"ஐயோ, எங்க ஊர்ல குறைச்சு ஊத்தினாத்தான் அவமானம்!"
இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வேறு.

ஜூன் 25
சில்லா ஆரம்பம். நூறு டிகிரி. தில்னோசாவுக்கு டீ ஊற்றுவதை வீடியோ காலில் பார்த்து அம்மா: "ஏங்கண்ணு, இத்துனூண்டு ஊத்தறே? அந்தப் புள்ள என்ன நெனைக்கும்?"
சும்மா இரும்மா.
வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. மத்தியானம் வந்தவள் இன்னும் போகவில்லை. பாப்பா அவள் மடியில் தூங்குகிறது. நான் தலைக்குக் குளித்துவிட்டேன்.