இவர் சொன்ன ‘பார்க்கலாம்’

அக்டோபர் 14, செவ்வாய்

விடியும்போதே தூறல். மாடியில் காயப்போட்ட வடகம் போச்சு.

வாங்க வேண்டியது: உளுந்து, கொசுவர்த்தி, இவருக்கு வெள்ளை வேட்டி. பசுமலைக் கல்லூரியில் தத்துவம் நடத்திய காலமெல்லாம் பேன்ட் போட்ட மனுஷன். எம்.எல்.ஏ. ஆன பிறகுதான் வேட்டி. இன்னும் கட்ட வரவில்லை. பெல்ட்டை நம்பித்தான் நடமாட்டம்.

இன்று செல்லூரில் குறை கேட்கப் போனார், ஜெயித்த பிறகு முதல் தடவை. மழைத் தண்ணீர் தறிக் கொட்டகைகளுக்குள் வருகிறதாம். மத்தியானம் ஒரே பூரிப்போடு வந்தார்.

"வாய்க்கால சரி பண்ணித் தருவீங்களான்னு கேட்டாங்க. பார்க்கலாம்னேன். அப்படி ஒரு அமைதி, செல்வி! என் கிளாஸ்லகூட யாரும் இம்புட்டு யோசிச்சதில்ல."

எனக்கு எங்கேயோ இடித்தது. இருக்கட்டும், சந்தோஷமாகச் சாப்பிடட்டும்.

அக்டோபர் 15, புதன்

நல்ல வெயில். மறுபடி வடகம்.

டிரைவர் சேகரைப் பிடித்து விசாரித்தேன். கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மென்று முழுங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். சார் பாக்கலாம்னு சொன்னதும் பேச்சியம்மாக்கா ஊத்துன டீயத் திருப்பி எடுத்துட்டுப் போயிருச்சு. இவரும் அம்புட்டுத்தான்னு கெளம்பிட்டாங்க எல்லாரும்."

அதானே பார்த்தேன்! கட்சிக்காரர் வாயில் ‘பார்க்கலாம்’ வந்தால் ‘நடக்காது’ என்று அர்த்தம். எங்கள் கே.கே. நகரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வகுப்பில் இவர் சொன்னால், வாங்க ஆராய்வோம் என்று அர்த்தம். மணியடித்த பிறகும் ஆராய்வார். அதே வார்த்தையை அங்கேயும் போய் அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

சாப்பிடும்போது சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தோசை வேண்டாமாம்.

"நான் கைய விரிச்சுட்டேன்னு நெனச்சிருக்காங்க. நம்பித்தான ஓட்டுப் போட்டாங்க?"

பாவமாக இருந்தது. எனக்கும் தோசை இறங்கவில்லை. வீட்டில் அந்த வார்த்தைக்கு இன்றிலிருந்து தடை.

அக்டோபர் 17, வெள்ளி

சாம்பாரா, ரசமா? "பார்க்..." என்று வாயைப் பொத்திக்கொண்டார். ரசம்.

ஞாயிறு பெருமழையாம், டிவியில். நாளைக்கே செல்லூர் போகணும் என்கிறார். நானும் வாரேன் என்றேன். தனியாக விட்டால் மறுபடி எதையாவது சொல்லித் தொலைப்பார்.

அக்டோபர் 18, சனி

மூட்டம். புழுக்கம்.

பேச்சியம்மா வாசலிலேயே நின்றார். சொந்தத் தறி ஓட்டுகிறவர். பார்வையே ஒரு தினுசு.

"வாங்க சார். இன்னைக்கும் பாக்கலாந்தானா?"

"ஆமாம்மா. இப்பவே பாக்கலாம். வாங்க."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வாய்க்காலுக்குள் இறங்கியே விட்டார்! பெல்ட் மானத்தைக் காப்பாற்றியது. சேறு முழங்கால் வரை. தெரு மொத்தமும் ஓரமாகவே கூட வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு.

திருப்பத்தில் அடைப்பு. குறுக்கே ஒரு சிமென்ட் பீடம், மேலே கொடிக்கம்பம். யார் கொடி? இவர் கட்சிக் கொடி!

வட்டச் செயலாளர் ஓடி வந்தார். "அண்ணே, அதத் தொட்டுறாதீங்க. மாவட்டம் சும்மா விடாது. அடுத்த தடவ சீட்டே கெடைக்காதுண்ணே."

தெருவே கப்சிப். இந்தத் தடவை அந்த அமைதி இவருக்கும் புரிந்தது. சேற்றில் நின்றபடி கொடியை அண்ணாந்து பார்த்தார். சீட்டு போனால் போகட்டும், சொல்லித் தொலையுங்களேன்!

"கொடியப் பத்திரமா எறக்குங்க. பீடத்த ஒடைங்க."

கடப்பாரை எங்கிருந்து அவ்வளவு சீக்கிரம் வந்ததோ. உடைந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. பேச்சியம்மா இவருக்கு டீ கொடுத்தார். எனக்கும். பெருமையில் கண் கலங்கிவிட்டது. ஏலக்காய் போட்ட டீ.

வேட்டி இனி கரித்துணிதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

கொட்டித் தீர்த்தது. வடகத்தை முன்னாடியே எடுத்துவிட்டேன்.

காலையில் பேச்சியம்மா போன். "கொட்டகைக்குள்ள ஒரு சொட்டு வரல டீச்சர்!" இவர் இரண்டாவது தோசை கேட்டார். மூன்றாவதும்.

வாயில் வைப்பதற்குள் மாவட்டச் செயலாளர் போன். கை எச்சில், அதனால் ஸ்பீக்கரில்.

"நடந்தது நடந்துபோச்சு சார். பீடத்த அதே எடத்துல திரும்பக் கட்டிக் குடுத்துருங்க. கட்டிருவீங்கள்ல?"

இவர் என்னைப் பார்த்தார். தடை போட்டவள் நான்தானே? சரி என்று தலையாட்டினேன்.

"பாக்கலாம்ணே."