மூன்று பிள்ளை, மூன்று பெட்டி

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. யார் வாசித்தாலும் வாசிக்கட்டும், சொல்லித்தான் தீருவேன்.

பதுளை வீதியால் லொறி ஓட்டிய காலத்தில், தேயிலைத் தோட்டத்துத் துரையொருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது விற்ற பாட்டுச் செட்டை வாங்கி வந்தீர்களே, அதன் கதைதான். இசைத்தட்டு சுற்றுகிற பிளேயர் ஒன்று. அதன் ஊசி தருகிற மெலிந்த சத்தத்தை வாங்கிச் சீராக்குகிற சின்னப் பெட்டி, பிரீ அம்ப். அதைப் பெருக்குகிற, தூக்கினால் இடுப்பு முறிகிற அம்ப். பிறகு ஸ்பீக்கர். இடம் அடைக்காமலிருக்க அம்பின் முதுகில் பிரீ அம்பை ஏற்றி வைத்தீர்கள். நம் ஊர் தன்னாமுனையில் மற்ற வீடுகளில் பாட்டுக் கேட்டது. நம் வீட்டில் பாட்டோடு சேர்த்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் கேட்டது.

அந்த இரைச்சலைத் துரத்த நீங்கள் பட்ட பாடு! வாவிக் காற்றில் உப்பு என்றீர்கள். கரண்ட் சரியில்லை என்றீர்கள். பெட்டிக்குள் குட்டி பல்ப் போலச் சிவந்து எரிகிற கண்ணாடி வால்வுகளைக் கழற்றிக் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தீர்கள். ஒருநாள் நான் அந்தப் பக்கம் நடந்தபோது இரைச்சல் கொஞ்சம் கூடிவிட்டது. அவ்வளவுதான், பழி என் தலையில் விழுந்தது.

"புள்ள, கிட்ட வராத. நீ வந்தாத்தான் இரையுது."

அக்காவும் தம்பியும் உங்கள் காலடியில் இருந்து கேட்பார்கள். நான் குசினி வாசலில் நின்று கேட்பேன். கலியாணம் கட்டிய பிறகும் அங்கேதான் நின்றேன். என் உடம்பிலேயே ஏதோ கோளாறு என்று நம்பினேன், அப்பா.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உங்கள் சாமான்களைப் பங்கிட்டார்கள். மாமா நடுவில் இருந்து தீர்ப்புச் சொன்னார்.

"மூண்டு புள்ள, மூண்டு பெட்டி. ஆளுக்கொண்டு. மறுகா ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

அம்மாவுக்குப் பிளேயர். செங்கலடி அக்காவுக்கு ஸ்பீக்கர். வந்தாறுமூலைத் தம்பிக்கு அம்ப். எனக்குப் பிரீ அம்ப். என்ன நியாயம் பாருங்கள்! மாட்டைப் பங்கிட்டாலாவது இறைச்சி மிஞ்சும்.

அக்கா ஸ்பீக்கருக்கு லேஸ் விரித்து மாதா சுரூபத்தை வைத்துவிட்டாள். தம்பி அம்பைக் கரண்டில் போட்டு, வால்வு சிவப்பதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். நான் பிரீ அம்பின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தேன், பேச்சு மூச்சில்லாத பெட்டி. அம்மாவோ சத்தமில்லாத வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிடுவா. ஒரு தரம் அவவுக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் என் ஆசை. கேட்கப் போனால் அக்கா சீறினாள்.

"சீதனமெண்டு இந்த வீடும் உனக்கு, இப்ப என்ட பங்கும் வேணுமோ? நல்ல கதைதான் கா!"

தம்பியும் அதே பாட்டு. அம்ப் தன் கையை விட்டுப் போகாதாம். எத்தனை தரம் பஸ் ஏறி இறங்கினேன்! இரண்டு பேரின் மண்டையையும் சேர்த்து மோதலாம் போல இருந்தது.

போன ஞாயிறு உங்கள் ஆண்டுப் பூசை. மாமா அதட்டியதில் இரண்டு பேரும் பெட்டிகளோடு வந்தார்கள். வந்தும் என்ன? அக்கா ஸ்பீக்கரை ஜன்னலடியில் வைத்து அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். தம்பி வாசலோரம் அம்பைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டான். நான் அம்மாவின் பிளேயர் பக்கத்தில் பிரீ அம்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வயரெல்லாம் கொடி கட்டியது போல வீட்டுக்குக் குறுக்கே. இரையத்தான் போகிறது, பழியும் எனக்குத்தான் என்று பயந்துகொண்டே ஊசியை வைத்தேன்.

இரையவில்லை, அப்பா.

பாட்டு மட்டும் வந்தது. பாடுகிற பெண் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. தம்பிக்கு என்ன தோன்றியதோ, என் மடியிலிருந்த பெட்டியை எடுத்துத் தன் அம்பின் மேல் வைத்தான். 'ம்ம்ம்.' தூக்கினான், நின்றது. மறுபடி வைத்தான். 'ம்ம்ம்.'

"அடக் கடவுளே! அப்பா ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சதுதான் பிழை! கீழ உள்ள அம்புட கரண்ட்தான் இதுக்குள்ள இரைஞ்சிருக்கு!" என்று கத்தினான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "உன்னைப் போய்க் கிட்ட வராத எண்டாரே" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? உப்புக் காற்றைத் திட்டினீர்கள், கரண்டைத் திட்டினீர்கள், பெற்ற பிள்ளையைத் தள்ளி நிறுத்தினீர்கள். அந்தப் பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லையா? நீங்கள் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டியிருப்பேன். இப்போது நான் சரி என்று தெரிந்தும் என்ன பிரயோசனம்?

பெட்டிகள் இனி இங்கேயே இருக்கட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டாள். இப்போது கடைகளில் வால்வு கேட்டால் சிரிக்கிறார்கள். இருக்கிற வால்வு எரிகிற மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுக்குப் பாட்டுப் போடுவேன். பிரீ அம்ப் என் மடியில்தான் இருக்கும். இது சத்தியம்.

பெட்டிக்குக் கிட்ட வந்துவிட்ட,
உங்கள் நடு மகள்